அண்ணன் நம்பர் நம்ம சொத்து இல்லை

பிளேஸ்மென்ட் சீசன் ஆரம்பிச்சதும் வகுப்பு குரூப்பில் ஒரு ஷீட் சுத்த ஆரம்பிக்கும். பெயர், கம்பெனி, பதவி, மெயில், கடைசிக் கட்டத்தில் மொபைல் நம்பர். சீனியர் அண்ணன்கள், அக்காக்கள், நாலைந்து எச்.ஆர். எல்லாரும் அதில் இருப்பாங்க. கூடவே ஒரு வரி: "யூஸ் பண்ணிக்கோங்க மக்களே, மத்த டிபார்ட்மென்டுக்கும் ஃபார்வர்டு பண்ணுங்க." நல்ல மனசுதான். ஆனால் நம்பருக்குச் சொந்தக்காரரை யாராவது கேட்டோமா?

ஒரு அக்கா நம்பர் தருவது "ரெஸ்யூமே அனுப்பு, பார்க்கிறேன்" என்பதற்காக. அது ஒருத்தர் மேல் வைத்த நம்பிக்கை. அதை 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்று ஷீட்டில் போட்டால் கதை வேறு. ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் 1024 பேர் வரை இருக்கலாம். நாலு குரூப் தாண்டினால் ஷீட் நம்ம காலேஜையும் தாண்டியிருக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு "ஹாய் அக்கா, ரெஃபரல் ப்ளீஸ்" என்று முப்பது மெசேஜ் வந்தால், அவங்க பதில் போடுவதையே நிறுத்திடுவாங்க. நஷ்டம் அடுத்த பேட்சுக்கு.

இன்னொரு ஆபத்தும் உண்டு. போலி வேலை காட்டிப் பணம் பறிக்கிறவனுக்கு வெறும் நம்பர் போதாது; பெயர், கம்பெனி, பதவி மூன்றும் சேர்ந்தால்தான் பேச்சு நம்பும்படி இருக்கும். நம்ம ஷீட் மூன்றையும் ஒரே வரியில் தருகிறது. அந்த அக்கா பெயரைச் சொல்லியே உன்னிடம் 'டெபாசிட்' கேட்கலாம். (பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழைக்கவும்.)

"எங்க வீட்ல யாரும் ஐ.டி.யில இல்ல. இந்த ஷீட்தான் எனக்கு மாமா, சித்தப்பா எல்லாம்" என்று ஒருத்தர் சொன்னால், அதில் நியாயம் இருக்கு. சொந்தக்காரர் மூலம் உள்ளே போகிறவன் ஷீட் தேட மாட்டான். முதல் தலைமுறைப் பட்டதாரிக்குத்தான் அது தேவை. அதனால்தான் சொல்கிறேன்: பகிர்வதை நிறுத்த வேண்டாம், பகிரும் விதத்தை மாற்றுவோம்.

2017-ல் புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சொந்த, வீட்டு உபயோகத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நம்ம ஷீட் எந்தப் பக்கம் என்று வக்கீல்கள் வாதாடட்டும். அதன் ஒரு யோசனை நமக்குப் போதும்: எதற்காக வாங்கினோமோ, அதற்கு மட்டும்.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்னது. ஷீட்டை நாம் நிரப்பாமல், சீனியர்களிடம் ஒரு ஃபார்ம் கொடுப்போம். மெயிலா, லிங்க்ட்இன்னா, எந்த மாதம் வரை என்று அவங்களே எழுதட்டும். மொபைல் நம்பர் காலமே வேண்டாம். காலேஜ் மெயில் ஐ.டி. உள்ளவர்களுக்கு மட்டும் ஷீட் திறக்கட்டும். சீசன் முடிந்ததும் அழித்துவிடலாம். உங்கள் ரெஸ்யூமேயிலும் வீட்டு முகவரி, பிறந்த தேதி, அப்பா பெயர் எதற்கு? எடுத்துவிடுங்கள்.

யாராவது "அந்த அண்ணன் நம்பர் இருக்கா?" என்று கேட்டால், "கேட்டுட்டு சொல்றேன்" என்பதே சரியான பதில். அடுத்த வருஷம் நாமும் அந்த ஷீட்டில் ஒரு வரிதான்.