காலந்தாழ்ந்து வரும் உறவு



இரவுப் பணி முடிந்து கோபாலபுரம் திரும்பும் நாள்களில் எனக்கு உடனே உறக்கம் வருவதில்லை. அப்பொழுது துணையாவது ஏதேனும் ஒரு தமிழ் நாவல்தான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு ரயில்வே எழுத்தரின் எண்ணங்களாகவே இவற்றைக் கொள்ள வேண்டுகிறேன்.

இம்மாதம் படித்தவை இரண்டு. முதலாவது, தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’. 2023ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல். இத்தலைப்பு, புறநானூற்றின் 192ஆம் பாட்டில், கணியன் பூங்குன்றனார் வாக்கிலிருந்து எடுக்கப்பட்டது. எல்லா ஊரும் நம் ஊரே, எல்லாரும் நம் உறவினரே என்ற அப்புலவரின் கருத்தை, ஊர் விட்டு ஊர் வந்த நாம் மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால், ஆற்றோடு செல்லும் மிதவை போன்றது உயிர் என்று அதே பாட்டில் அவர் சொன்னதை அத்துணை எண்ணிப் பார்ப்பதில்லை.

கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்றில் நாவிதத் தொழில் செய்து வாழ்ந்த காரு மாமாவின் சாவும், அதற்குத் திரண்டு வரும் உறவினரின் நினைவுகளுமே கதை. மனைவி பிரிந்து சென்றபின் தனித்து வாழ்ந்து தேய்ந்த மனிதர் அவர். கொங்கு நாட்டுத் திருமணங்களில் மங்கல வாழ்த்துப் பாடுபவர் நாவிதரே என்பதை நம்மில் பலர் அறிவோம். பிறர் வீடுகள் செழிக்க வாழ்த்தும் குலத்தில் பிறந்த ஒருவரின் வீடு இவ்வாறு சிதைவதை ஆசிரியர் ஆரவாரமின்றிச் சொல்லுகிறார். தொடக்கத்தில் உறவுமுறைகள் சற்றே குழப்பும். பொறுமையுடன் படித்தால் அவர்கள் நம் வீட்டார் ஆகிவிடுவர்.

மற்றொன்று, இமையத்தின் ‘செல்லாத பணம்’. 2018இல் வெளிவந்து, 2020ஆம் ஆண்டுக்கான அதே விருதைப் பெற்றது. பொறியியல் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியை மணக்கிறாள். ரவியோ பர்மாவிலிருந்து அகதியாக வந்த குடும்பத்தவன். வந்தேறி என்னும் இழிசொல்லின் கூர்மையை நாம் அறிவோம். ஆதலால் இப்பகுதி என்னைச் சுட்டது. பின்னர் ரேவதி தீக்காயங்களுடன் மருத்துவமனையில் கிடக்கிறாள். தலைமையாசிரியரான தந்தை பணத்தோடு நிற்கிறார். அப்பணம் அங்கே செல்லவில்லை.

இரு நூல்களும் எனக்கு ஒன்றையே உணர்த்தின. உறவு சாவுக்கு வருகிறது. வாழ்வுக்கு வரத் தவறிவிடுகிறது.

என் பள்ளிச் செலவை ஏற்றவர் உடுமலைப் பக்கத்திலுள்ள என் தாய்மாமன். மீனாட்சிபுரத்தில் ரயிலேறிப் பொள்ளாச்சி வழியே சென்றால் தொலைவு அதிகமன்று. நாள் முழுதும் பிறருக்கு ஊர் செல்லச் சீட்டுக் கொடுக்கும் நான், அவரைக் காண எனக்கென ஒரு சீட்டு வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மாதந்தோறும் கைப்பேசி வழியே சிறு தொகை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்தேன். ‘செல்லாத பணம்’ என்ற தலைப்பை மூடிய நூலின்மேல் மறுபடி பார்த்தபோது, அது என்னையே சொல்வதாகத் தோன்றிற்று.

அடுத்த வார விடுமுறையில் சென்றேன். திண்ணையில் அமர்ந்திருந்தவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “வா மாப்பிள்ளே, ரயிலு வழி தவறி வந்திருச்சா?” என்றார். சிரித்தேன், விடை சொல்ல நா எழவில்லை. அனுப்பிய பணத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. மாலை வரை என்னைத் தம் பக்கத்திலேயே இருத்திக்கொண்டார்.

அன்பர்களே! இவ்விரு நூல்களையும் வாங்கிப் படியுங்கள். மலையாளப் பள்ளியில் பயிலும் நம் குழந்தைகளுக்குச் சில பக்கங்களேனும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். மாமன், அத்தை என்னும் சொற்களின் பொருள் அவர்களுக்கு விளங்கும். பிறகு, நெடுநாள் காணாத ஓர் உறவை நினைந்து ரயிலேறுங்கள். சீட்டுக் கொடுக்க நான் இருக்கிறேன்.