தடத்துக்குக் காவல் யார்?

புனேயை ஒட்டிய சாங்வி பாட்டாவிலிருந்து கிவளே வரை, சாலை நடுவே பஸ்ஸுக்கென்று தனித் தடம் 2015 செப்டம்பரில் திறக்கப்பட்டது. நிறுத்தத்தின் மேடையும் பஸ்ஸின் தளமும் ஒரே உயரம். படியேறும் சிரமம் இல்லை. டிராமின் சௌகரியம், தண்டவாளச் செலவில்லாமல். திட்டத்தின் கவர்ச்சியே இதுதான்.

ஆனால் தண்டவாளத்தைச் சுலபத்தில் பெயர்க்க முடியாது. பஸ் தடம் அப்படியல்ல. டெல்லியில் 2008ல் வந்தது, 2016ல் இடிக்கப்பட்டது. புனேயிலேயே 2006ல் தொடங்கிய முதல் தடத்தில் ஸ்கூட்டர்களும் கார்களும் தாராளமாகப் புகுந்தன.

அதற்காகத் தண்டவாளம் சாசுவதம் என்றும் சொல்வதற்கில்லை. சென்னையில் 1895ல் ஓடத் தொடங்கிய மின்சார டிராம் 1953ல் நின்றது. பம்பாயில் 1964ல் விடைபெற்றது. கல்கத்தாவில் டிராமுக்கென்று இருந்த பாதைகள் பலவற்றை மற்ற வாகனங்களுக்கும் திறந்துவிட்டார்கள். டிராம் நெரிசலில் சிக்கி நத்தையானது.

ஆக, சக்கரம் ரப்பரா இரும்பா என்பதை அப்புறம் பார்க்கலாம். செலவைப் பார்த்தால் நம் ஊர்களுக்கு பஸ்தான் கட்டுப்படியாகும். ஆனால் காரில் போகிறவரிடமிருந்து ஒரு தடத்தை வாங்கி, அதைக் கடைசிவரை காக்கும் துணிச்சல் மாநகராட்சிக்கு வேண்டும். அது இல்லாத ஊரில் பஸ்ஸும் டிராமும் ஒரே நெரிசலில்தான் நிற்கும்.