தானமும் தடையும்

சர்க்கார் ஒரு கையால் வழங்குகிற சலுகையும் மறு கையால் விதிக்கிற அனுமதிக் கட்டுப்பாடும் வெவ்வேறு குணமுடையவை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். முன்னது கருணையென்றும் பின்னது கண்டிப்பென்றும் பெயர் பெற்றிருக்கின்றன. ஆனால், தமிழ்நாட்டு விவசாய மின்சாரத்தின் சரித்திரத்தைச் சற்று நிதானமாக நோக்குகிறவர்களுக்கு, இரண்டும் ஒரே அதிகாரத்தின் இரண்டு ரூபங்கள் என்பதும், ஒரு பொருள் விலையின்றிக் கிடைக்கும் இடத்தில் அதை யாருக்கு எப்போது கொடுப்பதென்று தீர்மானிக்க ஓர் உத்தியோகஸ்தர் வந்து அமர்ந்தே தீருவார் என்பதும் பிரத்தியட்சமாய் விளங்கும்.

இச்சலுகை எவருடைய தயவினாலும் கிடைத்ததன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-ல் கொங்கு நாட்டு விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோது, பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர்கள் பலியாயின; 1972-ல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் மாட்டு வண்டிகள் கோவை வீதிகளை நிறைத்தன. அந்தப் போராட்டங்களின் நினைவு மறையாதிருந்த காலத்தில்தான், 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் கருணாநிதி அரசு சகல விவசாயிகளுக்கும் மின்சாரத்தை இலவசமாக்கின. ஆயினும், அன்று விவசாயி கேட்டது நியாயமான கட்டணம். அவனுக்குக் கிடைத்ததோ கட்டணமே இல்லாத மின்சாரமும், அதனுடன் ஒட்டிக்கொண்டு வந்த பராதீனமும்.

அந்தப் பராதீனம் எத்தகையது? கிணறு வெட்டிவிட்டு மின் இணைப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள், 2021-ல் அரசே வெளியிட்ட கணக்கின்படி, ஏறத்தாழ 4.5 லட்சம் பேர். பணம் கொடுத்துச் சரக்கு வாங்க வரும் வாடிக்கைக்காரரை வருஷக்கணக்கில் நிறுத்திவைக்க எந்த வியாபாரியும் துணிய மாட்டார். ஒவ்வொரு புதிய இணைப்பினாலும் நஷ்டம் கூடுகிற ஒரு ஸ்தாபனத்துக்கோ, விண்ணப்பதாரரைத் தாமதிக்கச் செய்வதைக் காட்டிலும் அனுகூலமான காரியம் வேறில்லை. பொறுக்க முடியாதவர்களுக்கென்று தட்கல் திட்டம் ஏற்பட்டது: 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 2.5 லட்சம் ரூபாயும், 15 குதிரைத்திறனுக்கு 4 லட்சம் ரூபாயும் கட்டுகிறவர் முந்திக்கொள்ளலாம். ஏழை விவசாயியின் பேரால் வகுக்கப்பட்ட இலவசத்துக்கு ஏழை விவசாயி வரிசையில் நிற்க, வசதி படைத்தவர் பணம் கட்டி முதலில் பெறுகிறார். பின்னர் 1 லட்சம் இணைப்புகள் வழங்கும் திட்டம் விழா எடுத்துத் தொடங்கப்பட்டபோது, உரிமையாகப் பெறவேண்டியதைப் பிரஜை கைகூப்பிப் பெறும் நிலை பூர்த்தியாயிற்று.

இலவசத்துக்கு விலை கொடுப்பவர் யார்? ஏறத்தாழ 23 லட்சம் பம்புசெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. ஆதலால் வயலுக்குப் போன மின்சாரம் எவ்வளவு, வழியில் கசிந்தும் களவுபோயும் மறைந்தது எவ்வளவு என்பதை மின்வாரியம் அநுமானத்தாலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. வாரியத்தின் கடனுக்கு இலவசமே முழுக் காரணமன்று. ஆனால் அளக்கப்படாத ஒன்றின் கணக்கில் எந்த நஷ்டத்தையும் மறைத்துவிடலாம். 2017-ல், மின்வாரியங்களின் கடனைச் சீரமைக்க வந்த உதய் திட்டத்தின்கீழ், 22,815 கோடி ரூபாய்க் கடனை மாநில அரசு தன் தலைமேல் ஏற்றுக்கொண்டது. அப்படியும் சுமை தீராமல் 2022 செப்டம்பரில் கட்டணங்கள் உயர்ந்தன. நிலைக்கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் தாங்கமாட்டாத சிறுதொழிற்கூடங்கள் மறு ஆண்டு செப்டம்பரில் ஒரு நாள் கதவடைத்தன. லேத் பட்டறைக்காரரிடம் வசூலித்து, ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு போடச் சக்தியுள்ள பெருநிலக்காரருக்கு அளிப்பது எந்த தர்மத்தில் சேர்ந்தது? சொந்த நிலமில்லாத கூலி விவசாயிக்கு இந்த மானியத்தில் ஒரு யூனிட்டும் பங்கில்லை. ஆழத் தோண்டியவருக்குத் தண்ணீரும், அடுத்த தோட்டத்துத் திறந்த கிணற்றுக்காரருக்கு வறட்சியும் வாய்த்திருப்பது மேற்கு மாவட்டங்களில் கண்கூடு.

உரிமம் வழங்கும் அலுவலகங்களில் நிலவுவதும் பிரஜையைக் காக்கவைக்கிற இதே மனோபாவம்தான். ஒரு சிறு உணவுக்கடை திறக்க விரும்புகிறவர் உணவுப் பாதுகாப்புத் துறை, நகராட்சி, தொழிலாளர் துறை என்று ஒவ்வொரு படியாக ஏறி இறங்க வேண்டும். கடை கொஞ்சம் பெரிதானால் தீயணைப்புத் துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சேர்ந்துகொள்ளும். இது போதாதென்று, கிராம ஊராட்சிகளின் சிறு கடைகளுக்கும் தொழில் உரிமம் கட்டாயமென்ற விதிகள் 2025-ல் எழுந்தன. வணிகர்கள் வெகுண்டெழுந்த பிறகே அரசு அவற்றை நிறுத்திவைத்தது. பட்டாசு ஆலைக்கும் சாயப்பட்டறைக்கும் கடுமையான கட்டுப்பாடு அவசியம் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. அதனாலேயே சொல்கிறோம்: தேநீர்க் கடையின் காகிதங்களைப் புரட்டுவதில் செலவாகும் இன்ஸ்பெக்டரின் பொழுது, உயிருக்கு அபாயமுள்ள இடங்களிலிருந்து அபகரிக்கப்பட்ட பொழுதாகும்.

கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் ஏழைகள் தவித்துப்போவார்கள் என்ற அச்சம் புதிதன்று. 1952-ல் முதலமைச்சர் ராஜாஜி சென்னை ராஜ்யத்தில் உணவுக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் நீக்கத் துணிந்தபோதும் அவ்வச்சம் பலமாக ஒலித்தது; நிகழ்ந்ததோ, பதுங்கியிருந்த தானியம் சந்தைக்கு வந்ததுதான். அதே ராஜாஜி 1959-ல் சுதந்திரா கட்சியைத் தொடங்கி, பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம் என்று கண்டித்தது தில்லி சர்க்காரை. இன்று அந்த ராஜ்யம் கோட்டையிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஊராட்சி மன்றத்திலும் குடிகொண்டிருக்கிறது.

நமது அபிப்பிராயத்தில் செய்யவேண்டியவை இவை. பம்புசெட்டு ஒவ்வொன்றுக்கும் மீட்டர் பொருத்தி, மின்சாரத்துக்கு விலை வைத்து, அவ்விலைக்கு ஈடான தொகையைச் சிறு விவசாயியின் வங்கிக் கணக்கில் முன்கூட்டியே செலுத்திவிட வேண்டும். மிச்சப்படுத்துகிற பணம் அவருக்கே சொந்தமாகட்டும். விலை கொடுக்க முன்வருகிற எவருக்கும் குறித்த தவணைக்குள் இணைப்பு தரப்பட வேண்டும். தீ, நஞ்சு, நோய் ஆகிய அபாயங்களில்லாத தொழில்களுக்கு உரிமத்தை ஒழித்து, ஒரு பதிவுச் சீட்டுடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். 2003-ல் அன்றைய மாநில அரசு மீண்டும் விதித்த விவசாய மின்கட்டணத்தை, ஆளுங்கட்சியின் 2004 மக்களவைத் தோல்விக்குப் பின் ரத்துசெய்ய நேர்ந்ததிலிருந்து, இப்பொருளைத் தொட எக்கட்சிக்கும் நெஞ்சுரம் இல்லை. முதலில் பணத்தை விவசாயியின் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு மீட்டரைப் பொருத்துகிற அரசு, அந்தத் தோல்விக்கு அஞ்ச வேண்டியதில்லை.