காற்றைச் சேமிக்கும் கலம் எது?

கலிஃபோர்னியாவின் லிவர்மோர் நகருக்குக் கிழக்கே, அல்டமான்ட் கணவாயில் 1980களின் தொடக்கம் முதல் காற்றாலைகள் சுழன்று வருகின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கண்ட தமிழர் எவருக்கும் அவ்விடம் அந்நியமாகத் தோன்றாது. இரண்டுக்கும் பொதுவான சிக்கலும் ஒன்றுண்டு: காற்று வீசும் நேரமும் வீடுகளில் விளக்கேற்றும் நேரமும் ஒத்துப்போவதில்லை. மிஞ்சும் மின்சாரத்தைச் சேமிக்க ஏற்றது மின்கலமா, ஹைட்ரஜனா என்னும் விவாதம் இங்கிருந்தே எழுகிறது.

இவ்விவாதத்தில் லிவர்மோருக்குத் தனியிடம் உண்டு. அங்குள்ள லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தார் 2007 ஆம் ஆண்டில் டொயோட்டா பிரியஸ் மகிழுந்து ஒன்றைத் திரவ ஹைட்ரஜனில் இயங்குமாறு மாற்றியமைத்து, ஒரே முறை நிரப்பிய கொள்கலனைக் கொண்டு 650 மைல் ஓட்டிக் காட்டினர். அரிய சாதனைதான். ஆனால் ஹைட்ரஜனைத் திரவமாக்க மைனஸ் 253 பாகை செல்சியசு வரை குளிர்விக்க வேண்டும். அதிலுள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிற்கு ஈடான மின்சாரம் அதற்கே செலவாகிவிடும். 2004 இல் ஆளுநர் சுவார்ஸ்நேகர் அறிவித்த 'ஹைட்ரஜன் நெடுஞ்சாலை'யும் தழைக்கவில்லை. 2024 இல் ஷெல் நிறுவனம் அம்மாநிலத்தில் மகிழுந்துகளுக்கான தன் ஹைட்ரஜன் நிலையங்களை மூடிவிட்டது.

கணக்கு எளியது. நூறு அலகு மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பகுத்து ஹைட்ரஜனாக்கி, எரிபொருள் கலத்தின் வழியே மீண்டும் மின்சாரமாக்கினால் 30 முதல் 40 அலகுகளே கைக்கு வரும். லித்தியம் மின்கலமோ ஏறத்தாழ 85 அலகுகளைத் திருப்பித் தருகிறது. பகலில் சேமித்து இரவில் செலவிட ஹைட்ரஜனை நாடுவது ஓட்டைக் குடத்தில் நீர் சுமப்பதற்கு ஒப்பாகும். கலிஃபோர்னியாவின் மின்கலச் சேமிப்புத் திறன் 2024 இல் 10,000 மெகாவாட்டைக் கடந்ததில் வியப்பில்லை.

எனினும் மின்கலம் குறையற்றதன்று. 2025 ஜனவரியில் மாஸ் லேண்டிங் சேமிப்பு நிலையத்தில் மூண்ட தீயால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அத்துடன், பெரும்பாலான மின்கல நிலையங்கள் நான்கு மணி நேரத் தேவைக்கே அமைக்கப்படுகின்றன. காட்டுத்தீ அச்சத்தால் நாட்கணக்கில் மின்சாரம் நிறுத்தப்படும் காலிஸ்டோகா போன்ற சிற்றூருக்கு அது போதாது. அங்கே திரவ ஹைட்ரஜனில் இயங்கும் எரிபொருள் கலங்கள் 48 மணி நேரம் மின்சாரம் வழங்குமாறு நிறுவப்பட்டுள்ளன. அவற்றைத் தொடக்கி வைக்க உதவுபவை லித்தியம் மின்கலங்களே என்பது நோக்கத்தக்கது.

இரு துறைகளிலும் தமிழகக் கல்வி நிலையங்களின் முத்திரை பதிந்துள்ளது. மதுரையிலும் சென்னையிலும் பயின்ற அறுமுகம் மந்திரம், டெக்சாசு பல்கலைக்கழகத்தில் மின்கல ஆய்வில் முன்னணியில் நிற்பவர். 2019 இல் ஜான் குடினஃபின் நோபல் உரையை அவர் சார்பில் நிகழ்த்தியவரும் இவரே. திருச்சியில் பொறியியல் பயின்ற கே.ஆர். ஸ்ரீதர் விரிகுடாப் பகுதியில் புளூம் எனர்ஜி நிறுவனத்தை உருவாக்கி எரிபொருள் கலங்களைச் சந்தைக்குக் கொணர்ந்தார். அவற்றுள் பெரும்பாலானவை இயற்கை எரிவாயுவில் இயங்குகின்றன என்பதையும் மறைத்தற்கில்லை.

தாயகத்தில் நடப்பது என்ன? தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் பசுமை ஹைட்ரஜன் முன்னோடித் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் பயன், தெருவிளக்குகளும் மின்னூர்திகளுக்கான மின்னேற்றமும்! இவ்விரண்டும் மின்கலமே செவ்வனே செய்யத்தக்க பணிகள். செய்முறைக் காட்சி என்ற அளவில் இதனைப் பொறுத்துக்கொள்ளலாம். பெருமளவில் விரிப்பது மக்கள் பணத்தை வீணடிப்பதாகும். முப்பந்தலில் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் மிகுந்து கிடைக்கும் மின்சாரத்தை மார்கழி வரை மின்கலத்தில் தேக்குதல் கட்டுப்படியாகாது. ஹைட்ரஜனாக்கினால் அதற்குத் தேவையும் உண்டு. அதே தூத்துக்குடியில் உள்ள உர ஆலை, அம்மோனியா தயாரிப்பதற்கான ஹைட்ரஜனை இன்றும் இயற்கை எரிவாயுவிலிருந்தே பெறுகிறது. துறைமுகத்தின் அடுத்த ஹைட்ரஜன் கலன், தெருவிளக்கிற்கன்றி அவ்வாலைக்கே செல்லுதல் வேண்டும்.