வீட்டுப் பியரும் கோடாப் பீப்பாவும்

மதுவை முற்றாக ஒழிப்பதா அன்றி மட்டுப்படுத்துவதா என்ற வாதம் எமது நாட்டில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்கின்றது. 2023 ஆம் ஆண்டு தொடக்கம் மதுவரி பல தடவைகள் அதிகரிக்கப்பட்டதுடன், 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரியும் 18 வீதமாக உயர்த்தப்பட்டது. அனுமதி பெற்ற மதுபானம் சாதாரண உழைப்பாளிக்கு எட்டாத விலைக்குச் சென்றிருக்கும் நிலையில், கசிப்பு முற்றுகைகள் பற்றிய செய்திகள் வராத நாளில்லை என்றே கூறலாம். இவ்வேளையில், வீட்டிலேயே பியர் தயாரிக்கும் பொழுதுபோக்கை மேற்கு நாடுகள் எவ்வாறு கையாண்டன என்பதை நோக்குவது பயனுடையதாகும்.

முளைகட்டி உலர்த்திய பார்லியை ஏறத்தாழ 65 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஊறவைத்து, வடிந்த இனிப்பு நீரை ஹொப்ஸ் பூக்களுடன் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்து ஒன்றிரண்டு வாரங்கள் புளிக்கவிடுவதே வீட்டுப் பியரின் செய்முறை. இதில் மதுசாரம் பெரும்பாலும் 4 அல்லது 5 வீதமளவில் அமையும். பாத்திரம் சுத்தமின்றேல் பியர் கெடும். நொதித்தல் முடியுமுன் போத்தலில் அடைத்தால் போத்தல் வெடிக்கும். பொறுமையும் கவனமும் வேண்டிய இக்கைவேலையில் படித்த நடுத்தர வர்க்கத்தினர் பலர் ஈடுபாடு காட்டுகின்றனர்.

பிரித்தானியாவில் 1880 ஆம் ஆண்டு கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டம், சொந்தத் தேவைக்குப் பியர் காய்ச்சுபவரும் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என விதித்தது. 1963 இல் நிதியமைச்சராகவிருந்த ரெஜினோல்ட் மோட்லிங் அந்த நடைமுறையை நீக்கினார். அமெரிக்காவின் அனுபவம் இன்னும் கவனிக்கத்தக்கது. 1920 முதல் 1933 வரை நிலவிய மதுவிலக்கு நீக்கப்பட்ட போது, வீட்டில் வைன் தயாரிக்க இடமளிக்கப்பட்டதாயினும் பியர் விடுபட்டுப் போயிற்று. 1978 ஒக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டமே அக்குறையை நிவர்த்தி செய்தது. வயதுவந்த ஒருவருள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கலன், இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள வீட்டில் 200 கலன் என்ற உச்சவரம்புடன் வரியின்றித் தயாரிக்கலாம். ஆனால் விற்கலாகாது என்பதே விதி. இதனை ஏற்பது மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டமையால், மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரை தாமதித்தன.

இச்சட்டத்தின் விளைவுகள் வீட்டுச் சமையலறையுடன் நின்றுவிடவில்லை. கலிபோர்னியாவில் வீட்டுப் பியர் உபகரணக் கடை நடத்திவந்த கென் குரோஸ்மன் தொடக்கிய சியரா நெவாடா நிறுவனம் போன்றவை, பொழுதுபோக்கிலிருந்து தொழிலாக மலர்ந்தவையாகும். 1970களின் இறுதியில் 100க்கும் குறைவாகவிருந்த அமெரிக்க மதுபான ஆலைகளின் தொகை இன்று 9,000ஐத் தாண்டியுள்ளது.

எனினும் எமது கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. 1978 ஆம் ஆண்டின் சட்டம் நொதிக்கவைத்த பானத்துக்கு மட்டுமே விலக்களித்தது. காய்ச்சி வடிக்கும் மதுவுக்கு அச்சட்டத்தில் இடமளிக்கப்படவில்லை. இவ்வேறுபாடு காரணமின்றிச் செய்யப்பட்டதல்ல. வடிக்கும் போது தீ விபத்து நேரும் அபாயம் உண்டு. மதுசாரத்தின் செறிவும் பன்மடங்காகின்றது. அதற்கும் மேலாக, களவாக விற்கப்படும் மதுவில் வீரியத்துக்காக மெதனோல் கலக்கப்படும் போது ஊரே சுடுகாடாகின்றது. 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டமை இதற்குச் சான்றாகும்.

எமது நிலைமை என்ன? 1912 ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டமே பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையிலுள்ளது. அனுமதிப்பத்திரமின்றி மது உற்பத்தி செய்வது குற்றமாகும். கள் இறக்குவதற்கும் அனுமதி வேண்டும். அமெரிக்க முறையை அப்படியே இங்கு பெயர்த்துவருவது எளிதன்று என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். சீனியும் ஈஸ்ட்டும் கலந்து புளிக்கும் கோடாப் பீப்பாவுக்கும் பொழுதுபோக்காளரின் பியர் வாளிக்கும் அடிப்படையில் நிகழ்வது ஒரே நொதித்தலே. வீட்டுத் தேவைக்கென்று இடமளித்தால், கசிப்பு முதலாளிகள் அதன் நிழலில் ஒதுங்கமாட்டார்கள் என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை.

ஆயினும் அங்கிருந்து பெறவேண்டிய பாடம் ஒன்றுண்டு. மென்மையான நொதித்த பானத்தையும் வடித்த மதுவையும் அரசு ஒரே தட்டில் வைத்து நிறுக்கலாகாது. எமது மண்ணில் பியருக்கு ஒப்பான வீரியமுடையது பனங்கள். அதனை இறக்கும் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் நலிவடையுமாயின், மாலையில் தவறணைக்குச் செல்லும் கூலித்தொழிலாளி நல்லொழுக்கத்தை நோக்கித் திரும்பப் போவதில்லை. பற்றைக்குள் விற்கப்படும் கசிப்பையே நாடுவான். வீரியத்துக்கேற்ப வரியைப் படிநிலைப்படுத்துவதும், கள் விற்பனையைச் சுகாதார நியமங்களுடன் முறைப்படுத்துவதும், மதுவரி அதிகாரிகளின் ஆளணியைக் கசிப்பு வடிக்கும் இடங்கள் மீதே குவிப்பதும் இதற்கான வழிகளாகும்.

இதனை மதுவுக்கான பரிந்துரையாக எவரும் கொள்ள வேண்டியதில்லை. மதுபானம் புற்றுநோயை உண்டாக்குமென சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988 இலேயே வகைப்படுத்திவிட்டது. குடியால் சீரழிந்த குடும்பங்கள் எமது கிராமங்களிலும் மலையகத் தோட்டங்களிலும் எத்தனையோ. குடிக்காதிருப்பதே நன்று என்பதில் எமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் குடிப்பவனை நஞ்சிடம் தள்ளிவிடும் கொள்கையை மதுவொழிப்பு என அழைக்க முடியாது. திறைசேரிக்கு வரும் வருமானத்தைக் கணக்கிடும் ஆட்சியாளர்கள், கசிப்பினால் வைத்தியசாலைக்கு வருவோரின் கணக்கையும் அதன் பக்கத்தில் எழுதிப் பார்ப்பார்களா?