பெயர் மறைத்தலும் களவே

ஒருவன் உழுது விளைத்த கதிரை இரவோடிரவாக அறுத்துத் தன் களத்திற் குவித்துக்கொள்பவனை உழவன் என்று எவரேனும் அழைப்பரா? கள்வன் என்றே ஊர் அழைக்கும். ஆயினும், பிறர் ஆண்டுக்கணக்கில் உழைத்து விளைத்த ஆய்வைப் பெயர் சுட்டாது அள்ளித் தம் ஏட்டில் நிரப்பிக்கொள்வார் சிலரை நாம் 'முனைவர்' என்று அழைக்கின்றோம், மாலையும் சூட்டுகின்றோம்.

இக்களவைத் தடுக்கப் பல்கலைக்கழக நல்கைக்குழு 2018ஆம் ஆண்டில் நெறிமுறைகள் வகுத்தது. அவற்றின்படி, பிறர் எழுத்தோடு ஒத்திருக்கும் பகுதி 10 விழுக்காட்டிற்கு மேற்பட்டு 40 வரை இருப்பின், ஆய்வேட்டை ஆறு மாதத்திற்குள் திருத்தித் தரல் வேண்டும்; 60 வரை இருப்பின், திருத்திய ஏட்டை ஓராண்டிற்குத் தரவியலாது; 60ஐயும் கடப்பின், ஆய்வுப் பதிவே நீக்கப்படும். உரியவர் பெயரோடு முறையாக எடுத்தாளப்பெற்ற மேற்கோள் இக்கணக்கிற் சேராது.

நெறிமுறை நன்றே. எனினும், அளவிடுவது கணிப்பொறி. அஃது எழுத்தோடு எழுத்தை ஒப்பிடுமேயன்றி, நெஞ்சோடு நெஞ்சை ஒப்பிடாது. ஆங்கில நூலொன்றின் கருத்தைத் தமிழிற் பெயர்த்துத் தமதென வைப்பாரை அது பெரும்பாலும் பிடிப்பதில்லை. கணிப்பொறியுள் எழுத்தாக ஏற்றப்படாத பழம்பதிப்பொன்றிலிருந்து பக்கம் பக்கமாகப் பெயர்த்தெழுதினும் அதற்குத் தெரியாது. கூலிக்கு ஆய்வேடு எழுதித் தருவாரையும் அது காணாது. எனவே, இக்களவிற்கு முதற்காவல் எழுதுவானின் மானமே.

"சான்று காட்டுதலும் அடிக்குறிப்பு இடுதலும் மேலையர் நமக்குக் கற்பித்தவை" என்பார் உளர். அடிக்குறிப்பின் வடிவம் வேண்டுமாயின் அவர்களுடையதாகலாம்; அறம் நம்முடையது. தொல்காப்பியர் தம் நூற்பாக்களில் 'என்ப' என்றும் 'மொழிப' என்றும் 'என்மனார்' என்றும் எத்துணை முறை தமக்கு முன்னோரைச் சுட்டுகின்றார்! முதனூல் இன்னது, வழிநூல் இன்னது என மரபியலிற் பிரித்துக் காட்டியவரும் அவரே. வழிநூல் செய்வது இழுக்கன்று. வழிநூலை முதனூல் என்று காட்டுவதே இழுக்கு.

குறுந்தொகையைப் பாருங்கள். பாடியவர் பெயர் மறைந்துபோன பாடல்களுக்குத் தொகுத்தோர் தம் பெயரை இட்டுக்கொண்டாரல்லர். வேண்டியவர் பெயரை ஒட்டினாருமல்லர். பாடலிலுள்ள தொடரைக் கொண்டே செம்புலப் பெயல்நீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் பெயர் அமைத்து, உரியவனுக்குரிய இடத்தை அவனுக்கே விட்டுவைத்தனர்.

மதுரையில் வழங்கும் தருமி கதையை அறியாதார் யார்? பிறர் பாடிய பாட்டைத் தன் பாட்டெனக் காட்டிப் பொற்கிழி பெற முயன்ற ஏழையின் கதை அது. கதை எவ்வாறாயினும் ஆகுக. அப்பாட்டு குறுந்தொகையில் இரண்டாம் பாட்டாய் இறையனார் பெயரிலேயே நிற்கின்றது. கிழி தருமி கைக்குப் போயிற்று; பெயர் போகவில்லை.

அவ் இறையனார் பெயரிலுள்ள களவியலின் உரையோ, தான் வந்த வழியைத் தானே கூறுகின்றது. நக்கீரனார் தொடங்கி முசிறி நீலகண்டனார் ஈறாகப் பத்துத் தலைமுறை ஆசிரியரை, இன்னார் இன்னார்க்கு உரைத்தார் என வரிசைப்படுத்துகின்றது. அவருள் ஒருவர் தேனூர்கிழார், ஒருவர் செல்லூராசிரியர். அப்பெயருடைய ஊர்கள் இன்றும் மதுரையை ஒட்டி வையைக் கரையில் உள்ளன. கேட்டுக் கற்றதைக் கேட்டுக் கற்றதாகவே சொல்லிய இந்நேர்மைக்கு எந்நாட்டு அடிக்குறிப்பு ஈடாகும்?

அம்மரபு அண்மைக்காலம் வரையும் அறவில்லை. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம், 1910 முதல் மூன்று தொகுதிகளாகத் தமிழ் அகரமுதலியொன்றை வெளியிட்டது. தொகுத்தவர் யாழ்ப்பாணத்துக் கு. கதிரைவேற்பிள்ளை. அச்சிட்டது மதுரையாயினும், தொகுத்தவர் பெயர் மறைக்கப்படவில்லை.

பிறரைக் கடிந்தது போதும். இனி நம்மையும் நோக்குவோம். பாவாணர் 1974இல் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராய் அமர்ந்தபோது அவர்க்கு அகவை எழுபத்திரண்டு. 1981ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டிற் பேசியபின் நோயுற்று, இந்நகரிலேயே மறைந்தார். சொல்லுக்குச் சொல் அவர் தோண்டியெடுத்த வேர்களை நம்மவர் மேடைதோறும் கூறுகின்றனர். எந்நூலில், எப்பக்கத்திற் கூறினார் என்று குறிப்பவர் எத்துணைப் பேர்? அவர் கண்டதைத் தாம் கண்டதாகக் கூறுவது களவு. தாம் புனைந்ததை அவர் மேலேற்றிக் கூறுவது அதனினும் கொடிது. முதனூலைத் திறவாமல், இடைநூலொருவர் தந்த மேற்கோளை அவர் இட்ட பாட்டெண் பிழையோடும் பெயர்த்தெழுதுவதும் இவ்வகையினதே.

இதனால் விளையும் கேடு யாது? தமிழின் தொன்மையையும் தனித்தியங்கும் ஆற்றலையும் ஐயுறுவார் நம்மிடம் கேட்பது சான்று ஒன்றே. பெயரும் பக்கமும் இன்றி நாம் எழுதும் ஒவ்வொரு வரியும் அவர் கையிற் கொடுக்கும் படைக்கலமாகும். மெய்யான வேர்ச்சொல்லும் பொய்யான வேர்ச்சொல்லும் ஒரே பையிற் கலந்துவிடின், மெய்யும் பொய்யென்றே தள்ளப்படும். பாவாணரின் வாழ்நாள் உழைப்பு பகைவரால் வீழாது. நம் சோம்பலால் வீழக்கூடும்.

ஆதலின், தமிழ் மாணாக்கரே! எடுத்ததை எடுத்ததென்று எழுதுங்கள். கண்ட நூலையே காட்டுங்கள்; காணாத நூலைக் கண்டதாகக் காட்டாதீர்கள். கூற்று பிறருடையதாயின் மேற்கோளுள் வையுங்கள்; கருத்து பிறருடையதாயினும் பெயரைக் கூறுங்கள். உங்கள் ஆய்வேட்டிற் புதியது பத்துப் பக்கமேயாயினும் அப்பத்துப் பக்கம் உங்களுடையதாகட்டும்.

பெயர் தெரியாத புலவனுக்கும் பெயர் தேடித் தந்த மொழி நம் மொழி. பெயர் தெரிந்த அறிஞனின் பெயரை மறைத்துவிட்டு, அம்மொழிக்குத் தொண்டாற்றுகின்றோம் என்று எவ்வாய் கொண்டு உரைப்போம்?