மீண்டும் மீண்டும் வெடித்த காமாக் கதிரும் கரையோரத்து வதந்தியும்

2025 ஜூலை 2ஆம் திகதி, விண்ணின் ஒரே இடத்திலிருந்து சில மணித்தியாலங்களுக்குள் மூன்று தடவைகள் காமாக் கதிர் வெடிப்பு வெளிப்பட்டதை அமெரிக்காவின் பெர்மி செய்மதி பதிவு செய்தது. சீனாவின் ஐன்ஸ்டைன் புரோப் செய்மதி, முந்திய நாளிலேயே அவ்விடத்தில் எக்ஸ் கதிர்களைக் கண்டிருந்தது. காமாக் கதிர் வெடிப்பு பெரும்பாலும் ஒரு விண்மீனின் அழிவோடு நிகழ்வது; அழிந்த விண்மீன் மறுபடி அழிவதில்லை. ஆகவேதான் இது வானியலாளரை வியப்பில் ஆழ்த்தியது. நமது பால்வீதிக்கு அப்பாலுள்ள வேறொரு விண்மீன் மண்டலத்தில் இது நிகழ்ந்ததெனப் பின்னர் உறுதியாயிற்று. கருந்துளையொன்று விண்மீனைச் சிதைத்து விழுங்கியதாகப் பலர் கருதினாலும், ஒருமித்த முடிவு இன்னும் எட்டப்படவில்லை.

பால்வீதிக்கு உள்ளேயும் திரும்பத் திரும்பக் காமாக் கதிர் உமிழும் மூலங்கள் உள்ளன. மிகக் கடுமையான காந்தப்புலங் கொண்ட நியூத்திரன் விண்மீன்களே அவை. அவற்றுள் ஒன்றான எஸ்.ஜி.ஆர். 1806-20, சூரியன் ஓர் இலட்சம் ஆண்டுகளில் வெளியிடும் சக்தியை ஒரு செக்கனுக்குள் கொட்டித் தீர்த்தது. அதன் கதிர்கள் பூமியை அடைந்தபோது இலங்கையில் 2004 டிசம்பர் 28ஆம் திகதி அதிகாலை மூன்றரை மணி. பொத்துவில் முதல் மருதமுனை வரை நமது மக்கள் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் தங்கியிருந்த இரவு அது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் காவுகொண்டு இரண்டு நாட்கள்கூட முழுமையாகக் கழிந்திருக்கவில்லை.

இந்த நெருக்கத்தைக் கொண்டு, விண்வெடிப்பே சுனாமிக்குக் காரணமென இணையத்தில் சிலர் கதை கட்டினர். அதை முறியடிக்கக் கடிகாரமே போதும். சுமாத்திராவுக்கு அருகே பூமி அதிர்ந்தது 26ஆம் திகதி காலை 6.58க்கு. கதிர்கள் வந்ததோ சுமார் 44 மணித்தியாலங்களின் பின்னர். அவை வளிமண்டலத்தின் உச்சியிலுள்ள அயனமண்டலத்தைச் சற்றே கலக்கின என்பது உண்மை. கடலைக் கிளப்பியது, கடலடியில் இரு புவித்தட்டுகளுக்கிடையே நேர்ந்த பிளவேயாகும்.

இதனை இப்போது எழுதுவதற்குக் காரணமுண்டு. 2012 ஏப்ரல் 11இல் விடுக்கப்பட்ட சுனாமி எச்சரிக்கையின்போது கரையோர மக்கள் வீடுகளை விட்டு ஓடினர். பேரலை வரவில்லை, ஆனால் ஓடியது சரியே. வதந்திகளுக்குப் பலமுறை ஓடிக் களைத்தவர்கள், உண்மையான எச்சரிக்கைக்கு அசையாதிருந்தால் என்ன செய்வது? பிறை கண்டதாக ஒருவர் கூறினால் எங்கே, எத்தனை மணிக்கு, உடன் கண்டவர் யார் என்று துருவிக் கேட்கும் ஊர்கள் நமது ஊர்கள். கைத்தொலைபேசியில் வரும் செய்தியிடம் மட்டும் அக்கேள்விகளை ஏன் கேட்பதில்லை?

பெர்மி செய்மதியின் தரவுகள் எவரும் பார்க்கத்தக்கவாறு இணையத்தில் திறந்தே உள்ளன. ஆயினும் அவை ஆங்கிலத்திலேயே உள்ளன. மொரட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவகம், இத்தகைய நிகழ்வுகளின் நாள், நேரம், தன்மை பற்றிய சுருக்கமான விளக்கங்களை உடனுக்குடன் தமிழிலும் வெளியிட்டு, கல்வி வலயங்களுக்கு அனுப்பிவைக்க வேண்டுமெனக் கோருகிறோம். பொத்துவிலில் பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியர், அன்று காலையே அதை வகுப்பில் வாசித்துக் காட்டலாம்.